கிளச் தேய்ந்த குளிர்காலம்

ஏற்றத்தின் நடுவில் கார் நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் ஒரு பஸ்.

முன்கண்ணாடிக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். பஸ்ஸின் முகம் மட்டும்தான் தெரிந்தது. வானமும் இல்லை, வீதியும் இல்லை. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்தது. கிளச்சை விட்டேன். கார் ஒருதரம் குலுங்கி, இருமி, திரும்பவும் நின்றது. நின்றதோடு விடாமல் பின்பக்கமாகக் கொஞ்சம் உருண்டது.

"யேசுவே!" என்று நான் கத்தினேன்.

பக்கத்து இருக்கையில் என் கணவர் செபஸ்தி இருந்தார். வலது கையில் விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் வெள்ளைக் கட்டு. இடது கையால் ஹாண்ட் பிறேக்கை இழுத்துப் பிடித்தார். கார் நின்றது.

இனி அவர் கத்துவார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்திய ஒவ்வொரு நாளும் கத்தியிருந்தார். நான் தோளைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே பனி மெல்ல விழுந்துகொண்டிருந்தது. காருக்குள் கருகிய ரப்பர் மாதிரி ஒரு மணம்.

கருவாட்டு வாசம்

எங்கள் மாடிவீட்டுப் பொதுச் சலவையறையில் நடந்த சண்டையைப் பற்றி நான் முன்பு எழுதியிருந்ததைப் படித்துவிட்டு பேர்ணிலிருந்து ஒரு வாசகி போன் எடுத்தாள். "அக்கா, கூடை கூடையா உடுப்பைத் தூக்கிக்கொண்டு உங்கட தங்கச்சி வீட்டுக்கு பஸ்ஸிலயோ போனீங்கள்? உங்களிட்ட கார் இருக்கேல்லையோ?" என்று கேட்டாள்.

கார் இருந்தது. ஓடத்தான் எனக்குத் தெரியாது.

சூரிச்சுக்குப் பக்கத்தில், ஊஸ்டருக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு கிராமத்தில் நாங்கள் குடியிருந்தோம். வாடகை குறைவு, பஸ்ஸும் குறைவு. செபஸ்தி சூரிச்சில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. காலையில் ஸ்டேஷன் வரைக்கும் காரில் போய், அங்கே நிறுத்திவிட்டு ரயில் ஏறுவார்.

அது ஒரு யப்பான் கார். சாம்பல் நிறம். எங்களுக்கு முன் அதை வைத்திருந்தவர் சந்திரன் அண்ணை. சூரிச்சில் லாங்ஸ்ட்ராஸ வீதிப் பக்கம் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் ஏற்றி இறக்கியவர். அவருக்கு முன் யார் வைத்திருந்தார்கள் என்று தெரியாது. காரைத் தந்தபோது அண்ணை அதை முழுக்கக் கழுவித் துடைத்துத்தான் தந்தார். ஆனாலும் கோடை வெயிலில் கதவைத் திறந்தால் பின் இருக்கையிலிருந்து கருவாட்டு வாசம் எழும்பி வரும். எலுமிச்சம்பழம் வெட்டி வைத்தோம், கோப்பித்தூள் தூவினோம். எலுமிச்சையும் கோப்பியும் கலந்த கருவாட்டு வாசம் வந்தது.

அண்ணை எங்கேயாவது எங்களைக் கண்டால் முதலில் காரைத்தான் விசாரிப்பார். கட்டிக் கொடுத்த மகளைப் பற்றிச் சம்பந்தியிடம் கேட்கிற மாதிரி. "எண்ணெய் மாத்தினீங்களே? குளிருக்கை கொஞ்சம் ஆறுதலாத்தான் ஸ்டார்ட் எடுக்கும், அவசரப்படாதேங்கோ." போகும்போது அதன் கூரையில் ஒருதரம் தட்டிவிட்டுத்தான் போவார்.

அந்தக் கார் எங்களை ஒருநாளும் கைவிடவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பொய். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, கோவிலுக்குப் போகிற வழியில் புகைபோக்கிக் குழாய் கழன்று வீதியில் இழுபட்டது. நாங்கள் வந்து சேர முன்னமே எங்கள் சத்தம் கோவிலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பின்பக்க ஜன்னல் ஒன்று கீழே இறங்கினால் ஏறாது. அதை ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருந்தோம்.

வெள்ளிநிறக் கார்

ஒரு இலையுதிர்காலச் சனிக்கிழமை செபஸ்தி என்னைக் கார்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "சும்மா பாத்துக்கொண்டு வருவம்" என்றார். சும்மா பார்க்கப் போகிறவர் தலைமயிர் வெட்டி, கல்யாணத்துக்குப் போடுகிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போகமாட்டார்.

நாலு பக்கமும் கண்ணாடி. தரையில் என் முகம் தெரிந்தது. விற்பனையாளர் எங்களுக்குக் கோப்பி தந்தார், சொக்லேட் தந்தார். நடுவில் ஒரு வெள்ளிநிறக் கார் நின்றது. செபஸ்தி அதன் கதவைத் திறந்து உள்ளே இருந்தார். கையை ஸ்டியரிங்கில் வைத்தார். ஒன்றும் கதைக்கவில்லை.

நான் எட்டிப் பார்த்தேன். கிளச் இல்லை.

"இது ஓட்டோமற்றிக்கோ?"

"ஓம். நாள் முழுக்க அடுப்படியில நிண்ட காலாலை திரும்பவும் கிளச் மிதிக்க ஏலாது, ரெஜினா. குளிருக்கும் நல்லம். பாதுகாப்பு."

அவர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எனக்கு வேறொரு கணக்கு இருந்தது.

அப்போது நான் விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். அதோடு பராமரிப்பு உதவியாளர் பயிற்சியும் முடித்திருந்தேன். வீடு வீடாகப் போய் வயதானவர்களையும் நோயாளிகளையும் பார்க்கிற வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்ட பொறுப்பாளர் பெண் நல்ல மனுசி. என் ஜெர்மன் இந்த வேலைக்குக் காணும் என்றாள், என் கையும் காணும் என்றாள். "ஆனால் லைசென்ஸ் வேணும். எங்கட சின்னக் கார்கள் எல்லாம் கியர் கார்கள். வசந்தகாலம் வரைக்கும் உங்களுக்காக இடம் வைத்திருக்கிறேன்" என்றாள்.

அந்த நாளில் சட்டம் அப்படி. ஓட்டோமற்றிக்கில் சோதனை பாஸ் பண்ணினால் ஓட்டோமற்றிக் மட்டும்தான் ஓடலாம். கியர் கார் ஓட வேண்டுமென்றால் கியர் காரில்தான் பாஸ் பண்ண வேண்டும். நான் அப்போதுதான் எழுத்துச் சோதனை பாஸ் பண்ணி, பழகுவதற்கான அனுமதி எடுத்திருந்தேன். ஓட்டப் பாடம் சொல்லித் தருபவரிடம் தினமும் போய்ப் பழகக் கட்டுபடியாகாது. எங்கள் கருவாட்டுக் கார்தான் என் பள்ளிக்கூடம். இந்தக் கடை அதைப் பழசுக்கு எடுத்துக்கொண்டு வெள்ளிநிறக் காரைத் தரும் என்றால், என் பள்ளிக்கூடமும் அதோடு போய்விடும்.

விற்பனையாளர் பேனாவை எடுத்தார். நான் செபஸ்தியிடம் தமிழில் சொன்னேன்.

"இப்ப வேண்டாம். எனக்கு லைசென்ஸ் கிடைக்கட்டும்."

"அது ஆறுதலா எடுக்கலாம்தானே."

"வசந்தகாலம் வரைக்கும்தான் அந்த இடம். நீங்கள் புதுசு வாங்கலாம். ஆனா நான் திரும்பவும் வாளியும் துடைப்பமும் தூக்கவேண்டி வரும்."

விற்பனையாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பேனாவைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது செபஸ்தி பழைய காரின் கியரை இழுத்து இழுத்து மாற்றினார். வீட்டு வாசலில்தான் சொன்னார்: "சரி. இந்தக் குளிர்காலம் பாப்பம். நீ பாஸ் பண்ணினா கார் இருக்கட்டும். இல்லாட்டி வசந்தத்தில நான் புதுசு எடுப்பன்."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சாப்பாட்டு மேசையில் எங்கள் கதை "உப்பு", "தண்ணி" என்ற இரண்டு சொல்லோடு முடிந்தது.

கட்டுப்போட்ட கை

நத்தார் பண்டிகைக்கு முந்திய கிழமைகளில் உணவகங்களில் கூட்டம் நெரியும். அப்படி ஒரு நாளில் பொரிக்கிற எண்ணெய் செபஸ்தியின் வலது கையில் கொட்டிவிட்டது.

நல்ல காலம், முகத்தில் படவில்லை. விரல்கள் தப்பும் என்று டொக்டர் சொன்னார். ஆனால் பல கிழமைகளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். கார் ஓடக்கூடாது. கையில் எதுவும் இடிபடக்கூடாது.

முதல் தடவை பஸ்ஸில் போனோம். ஒரு வளைவில் பள்ளிக்கூடப் பிள்ளையின் முதுகுப்பை அந்தக் கையில் இடித்தது. செபஸ்தி முகம் வெளிறிக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு எனக்குப் பொறுக்கவில்லை.

"நாளையிண்டைக்குக் கார்ல போவம். நான் ஓடுறன்."

"நீயோ?"

"என்னட்ட பழகுற அனுமதி இருக்கு. உங்களிட்ட லைசென்ஸ் இருக்கு. பக்கத்தில இருங்கோ, காணும். ஹாண்ட் பிறேக் உங்கட இடக்கைப் பக்கம்தானே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலால் மலைச்சரிவைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். "எண்ணெய் ஒருக்காத்தான் கொட்டினது, இது ஒவ்வொரு நாளுமோ?" என்றார். அந்தக் கிழமையில் அவர் சொன்ன முதல் பகிடி அது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஆனால் சிரிப்பு கார்க் கதவு வரைக்கும்தான். நீல நிற எல் பலகையைப் பின்னால் ஒட்டிவிட்டு ஏறினால், எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒரே சத்தம். "பிறேக்! பிறேக்!" "கியரை மாத்து!" "எங்க பாக்கிறாய்?" நானும் விடவில்லை. "நீங்கள் கத்தக் கத்த எனக்குக் கால் எதெண்டு தெரியேல்லை!" ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றுகிற தாதி எங்களைப் பார்த்து, வலி கூடவா என்று ஒருநாள் கேட்டாள். வலி கையில் இல்லை என்று செபஸ்தி சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்த ஏற்றத்தில், பஸ்ஸுக்கு முன்னால், கார் நின்றது.

"காத்திருக்கட்டும்"

நான் தோளைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா. சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். செபஸ்தி ஹாண்ட் பிறேக்கை இறுக்கிப் பிடித்தபடி என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை ஸ்டியரிங்கை நெரித்துக்கொண்டிருந்தன.

"ரெஜினா, எல்லாத்தையும் விடு" என்றார். "காலை எடு. கையையும் எடு."

எடுத்தேன்.

"கார் எங்கயும் போகாது. நான் பிடிச்சிருக்கிறன். கொஞ்சம் சும்மா இருப்பம்."

"பின்னால பஸ் நிக்குது."

"காத்திருக்கட்டும். அவனும் ஒருநாள் பழகினவன்தானே."

சும்மா இருந்தோம். பஸ் சாரதி ஹோர்ண் அடிக்கவில்லை. தன் பக்கத்து ஜன்னலைத் திறந்து, கையை வெளியே போட்டு, மெல்ல மெல்ல என்று சைகை காட்டினார். பஸ்ஸுக்குள்ளிருந்து எங்கள் மாடியில் குடியிருக்கிற மனுசி எட்டிப் பார்த்துக் கையாட்டினாள்.

"இப்ப ஸ்டார்ட் எடு. கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமா விடு. காரின்ர மூக்கு மெல்ல எழும்புற மாதிரி ஒரு இடம் வரும். அந்த இடத்தில காலை வைச்சுக்கொண்டிரு. நான் பிறேக்கை விடுறன்."

மூக்கு எழும்பியது. எனக்கு அது பாதத்தில் தெரிந்தது. அவர் பிறேக்கை விட்டார். கார் பின்னால் போகவில்லை. ஒரு கணம் அப்படியே தொங்கிக்கொண்டு நின்று, பிறகு முன்னால் ஏறியது.

மேலே போய்ச் சமதரையில் ஓரம் கட்டி பஸ்ஸுக்கு வழிவிட்டேன். பிறகு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். செபஸ்தி இடது கையால் என் முதுகைத் தட்டினார். "ஏத்தம் முடிஞ்சுது, அழுகை ஏன்?" என்றார்.

அன்றைக்குப் பிறகு அவர் கத்தவில்லை.

காருக்குள் கதை

கத்தல் நின்றதும் கதை வந்தது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் விழித்திருந்ததே குறைவு. நான் விடிய முன் போவேன், அவர் இருட்டினபிறகு வருவார். ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்த வழியில்தான் ஆறுதலாகக் கதைத்தோம்.

ஒருநாள், வயல்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும்போது, கேட்காமலே சொன்னார்.

"அந்த வெள்ளிக் கார். காலுக்காக எண்டு சொன்னன். அது மட்டுமில்லை."

நான் வீதியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"இஞ்ச வந்து அகதி முகாமில இருக்கேக்க, குளிருக்கு ஒரு ஜாக்கெட் தந்தவை. உள்ளுக்கு வேற ஒருத்தற்றை பேர் தைச்சிருந்துது. பிறகு கட்டில், மேசை, அலுமாரி, எல்லாம் பழஞ்சாமான் கடை. குறையில்லை, எல்லாம் நல்ல சாமான்தான். ஆனா நான் முதல் ஆளா ஒண்டில இருந்ததில்லை. அந்த சீற்றில பொலித்தீன் போட்டிருந்துது, கண்டனீயோ? அதுக்கு முதல் ஒருத்தரும் அதில இருக்கேல்லை."

கடையில் அவர் ஏன் ஒன்றும் கதைக்காமல் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் அதை அங்கேயே சொல்லியிருந்தால், நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டேன். அதனால்தான் சொல்லாமல் விட்டாரோ என்னவோ.

அகிமின் கராஜ்

கை ஆறிக்கொண்டு வந்தது. என் ஓட்டமும் தேறிக்கொண்டு வந்தது. காருக்குத்தான் வியாதி கூடியது. மிதித்தால் எஞ்சின் கத்தும், கார் நகராது. ஏற்றத்தில் சைக்கிள்காரர்கள் எங்களை முந்தினார்கள். கடைசியில் ஒருநாள் எந்தக் கியருக்கும் அசையவில்லை.

கொசோவாவிலிருந்து வந்த அகிம் என்பவரின் சின்னக் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனோம். அவர் ஏறி இருந்து, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"கிளச் முடிஞ்சுது. யார் இதில பழகுறது?"

நான் கை உயர்த்தினேன். அவர் சிரித்தார். புதுக் கிளச் போடலாம் என்றார், ஆனால் இந்த வயதுக் காருக்கு அது பெரிய வேலை, செய்த பிறகு வேறொன்று போகாது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். "திருத்துறதோ, விடுறதோ? நீங்கள் சொல்லுங்கோ."

நான் முந்திக்கொண்டேன். "விடுவம். புதுசு எடுப்பம்."

அதே நேரம் செபஸ்தி சொன்னார்: "திருத்துங்கோ."

நான் தமிழுக்கு மாறினேன். "உங்களுக்கு என்ன விசரே? அந்த வெள்ளிக் காரை எடுங்கோ. நான் வேற வழி பாக்கிறன்."

"என்ன வழி? வசந்தம் வருகுது. சோதனைக்கு நாள் எடுத்தாச்சு."

"நீங்கள் அண்டைக்குச் சொன்னது எனக்கு மறக்கேல்லை."

"அதுக்குத்தான் சொல்லாமல் இருந்தனான். ரெஜினா, புதுக்கார் எப்பவும் கடையில நிக்கும். உனக்கு வைச்சிருக்கிற இடம் நிக்காது. நீ இப்ப இந்தக் காரின்ர மூச்சைக் கேட்டு கியர் மாத்துறாய். இப்ப விட்டா எல்லாம் போயிடும்."

"உங்கட கால்?"

"கால் கிடக்கட்டும். இனி நீதானே ஓடப்போறாய்."

கார்க் கடையில் எதிரும் புதிருமாக நின்றவர்கள், அன்றைக்கு இடம் மாறி நின்று அதே சண்டையைப் பிடித்தோம். அகிம் எங்களை மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "நான் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாறன். அதுக்குள்ள ஒரு ஆள் வெல்லுங்கோ" என்று உள்ளே போய்விட்டார்.

வென்றது செபஸ்தி. ஆனால் நான் ஒரு நிபந்தனை போட்டேன். இந்தக் கார் இனி ஓடாது என்கிற நாள் வரும்போது, அடுத்தது புதுசு. அவருக்கு. மறுகதை இல்லை.

"சரி" என்றார். ஆறிக்கொண்டிருந்த கையை நீட்டினார். நான் மெல்லப் பிடித்தேன். அந்தக் கையின் தோல் பிள்ளையின் தோல் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது.

பழசா, புதுசா?

புதுக் கிளச் போட்ட காரில் முதல்தரம் சோதனைக்குப் போய்த் தோற்றேன். வலது பக்கத்து ஒழுங்கையிலிருந்து வந்த காருக்கு வழிவிட மறந்துவிட்டேன். இரண்டாம் தரம் பரிசோதகர் சூரிச் பக்கமாக ட்ராம் ஓடுகிற வீதிகளுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனார். முடிந்து இறங்கும்போது, "உங்கள் காரில் ஏதோ மணக்குது" என்றார். "மீன்" என்றேன். கையைக் குலுக்கி, பாஸ் என்றார்.

வசந்தம் முடிய முன் அந்த வேலையில் சேர்ந்தேன். இன்றைக்கும் அதே வேலைதான். மலைச்சரிவுகளில் தனியாக நிற்கிற பண்ணை வீடுகளுக்கெல்லாம் விடியற்காலையில் நான்தான் போகிறேன். என் ஏற்றங்கள் இப்போது எனக்குப் பிடித்தமானவை.

பழைய காரை வைத்துப் பார்ப்பதா, புதுசு வாங்குவதா என்று எங்கள் சனம் கல்யாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் கதைக்கும். மாதக் கட்டணத்தில் புதுசு எடுத்தவர்கள் ஒரு பக்கம், பழசைத் திருத்தித் திருத்தி ஓடுகிறவர்கள் மற்றப் பக்கம். என்னைக் கேட்டால், கார் எத்தனை வயது என்று பார்க்க முதல், அதில் ஏறப்போகிற ஆட்களுக்கு அந்த வருஷம் என்ன தேவை என்று பார்க்கச் சொல்லுவேன். எங்களுக்கு அந்தக் குளிர்காலத்தில் தேவைப்பட்டது இடித்தாலும் உரசினாலும் மனம் நோகாத ஒரு கார். புதுக்காரில் நான் பழகியிருந்தால், ஒவ்வொரு கீறலுக்கும் எங்கள் வீட்டில் ஒரு சண்டை வந்திருக்கும்.

அது பிறகும் பல வருஷம் ஓடியது. அந்த இடைவெளியில் சட்டமும் மாறி, ஓட்டோமற்றிக்கில் பாஸ் பண்ணினவர்களும் கியர் கார் ஓடலாம் என்று வந்தது. செபஸ்தி அந்தச் செய்தியைச் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு, "கொஞ்சம் பொறுத்திருந்தா கிளச்சாவது மிஞ்சியிருக்கும்" என்றார்.

கடைசியில், கார் வீதியில் ஓடத் தகுதியா என்று பார்க்கிற அரசாங்கப் பரிசோதனை ஒன்றுக்கு முன்னால் அகிம் காரை மேலே தூக்கி, அடிப்பக்கத்தைக் காட்டினார். துரு தின்றுவிட்டிருந்தது. சுட்டுவிரலால் தட்டினார், தகடு உதிர்ந்தது. "இனிக் காணும்" என்றார். சந்திரன் அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். துரு எந்தப் பக்கம் என்று விசாரித்தார். பிறகு, "நல்லா வைச்சுப் பாத்தியள்" என்றார்.

முதல் ஆள்

புதுக்காரை எடுக்கப் போன நாள் ஒரு வெய்யில் நாள். வெள்ளிநிறம் அந்த வருஷம் இல்லை. கடல்நீலம். சீற்றில் பொலித்தீன் இருந்தது. கடைக்காரர் அதைக் கழற்றக் கையை வைத்தார். "அவர் கழற்றட்டும்" என்றேன்.

செபஸ்தி கழற்றினார். அவசரப்படவில்லை. மடித்து, பின் இருக்கையில் வைத்தார். பிறகு ஏறி இருந்தார். நான் பக்கத்தில் ஏறினேன். காருக்குள் ஒரு மணமும் இல்லை, புதுசு என்கிற மணத்தைத் தவிர.

"எங்க போவம்?" என்று கேட்டார்.

"எங்கயாவது. உங்கட கார்."

ஏரியைச் சுற்றிப் போகிற வீதியில் விட்டார். ஜன்னல்களை இறக்கினார், ஏற்றினார். எல்லாம் ஏறின. நல்ல வீதி, எதிரில் ஒருவரும் இல்லை. ஆனாலும் அவர் அந்தக் காரைக் கண்ணாடிச் சாமான் கொண்டுபோகிறவர் மாதிரி அவ்வளவு மெதுவாக ஓடினார்.

"இஞ்சேருங்கோ, கொஞ்சம் மிதியுங்கோவன்."

"எனக்கு அவசரமில்லை."

பின்னால் ஹோர்ண் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வைக்கோல் ஏற்றிய ஒரு டிராக்டர். அது எங்களை முந்திக்கொண்டு போனது. போகும்போது அந்த விவசாயி தொப்பியைத் தூக்கிக் காட்டினார். செபஸ்தி அவருக்குக் கையாட்டினார்.

காற்றில் வந்த வைக்கோல் துரும்பு ஒன்று திறந்த ஜன்னலால் புதுக்காருக்குள் விழுந்தது. நான் எடுத்து எறியப் போனேன்.

"விடு, கிடக்கட்டும்" என்றார் செபஸ்தி.